ஈறுக்கு வைத்த லைனிங்

அந்த அறையில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்.

டாக்டரம்மா. முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் பாதி மாஸ்க்.

அவருக்கு உதவியாக ஒரு நர்சம்மா. கையில் நோட்டு.

என் மனைவி. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை அணைத்தபடி.

நான். சாய்ந்த நாற்காலியில், வாயைத் திறந்தபடி.

என் மேல்வரிசைப் பல்செட்டு. அது எவர்சில்வர் தட்டில் தனியாக இருந்தது. அதையும் ஆளாகச் சேர்க்கலாம். ஒன்பது வருஷம் என்னோடு இருந்தது.

டாக்டரம்மா இடுக்கியால் பல்செட்டின் உள்பக்கத்திலிருந்து ஒரு துணியை உரித்து எடுத்தார். விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறை மாதிரித் துணி. நூல் பிரியாமல் இருக்க ஓரம் நெளி நெளியாக வெட்டியது.

"இது என்னங்கய்யா?"

"லைனிங் துணி."

"யாரு வெட்டினது?"

"நான்தான்."

இன்னொரு தடவை பார்த்தார்.

"நல்லா வெட்டியிருக்கீங்க," என்றார். "வாயை இன்னும் கொஞ்சம் திறங்க."

நான் டெய்லர். தி.நகரில் துணிக்கடைத் தெரு ஒன்றில், மாடிப்படிக்குக் கீழே என் மிஷின். பக்கத்தில் இன்னொரு மிஷின், இன்னொரு டெய்லர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னை நைனா என்பான். மேலே கடையில் துணி வாங்குகிற பெண்கள் அப்படியே இறங்கி எங்களிடம் வருவார்கள். இடுப்பு லூஸ், கை நீளம், அக்குள் பிடிக்கிறது. பிடித்து, ஊசி குத்தி, தைத்துக் கொடுப்போம். நாற்பத்தோரு வருஷம் இதே வேலை.

குண்டூசிகள் என் வாயில்தான் இருக்கும். இரண்டு கையும் துணியில் இருக்கும்போது வேறு எங்கே வைப்பது? உதட்டு இடுக்கில் ஐந்தாறு எப்போதும் நிற்கும். வாயில் ஊசி இருந்தால் பேச முடியாது. தலையாட்டலாம். எனக்குப் பேச்சு குறைவு என்று வீட்டில் குறை சொல்வார்கள். தலையாட்டியே காலம் போய்விட்டது.

நூலையும் பல்லால்தான் அறுப்பேன். கத்தரி பக்கத்திலேயே கிடக்கும். எடுக்க மாட்டேன். முன் பல்லில் நூல் ஓடித் தடம் விழுந்தது. பிறகு பல் ஆடியது. ஒவ்வொன்றாகப் போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் மேல் வரிசை முழுவதும் செட்டு வைத்துக்கொண்டேன்.

ஏழு வருஷம் சரியாக இருந்தது. பிறகு லூஸ். பேசினால் இறங்கும். தும்மினால் கையால் பிடிக்க வேண்டும். லூஸ் ஆனால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாதா? உள்ளே லைனிங் கொடுக்க வேண்டும்.

சாக்குக்கட்டிப் பொடியைச் செட்டின் உள்ளே தடவிக் காகிதத்தில் அழுத்தி அளவு எடுத்தேன். ரவிக்கைக்குள் வைக்கிற லைனிங் துணியில் வெட்டினேன். முதல் துணி பெரிசு. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. எச்சிலில் நனைந்ததும் ஒட்டிக்கொண்டது. அன்று மதியம் அப்பளம் கடித்தேன். அந்தச் சத்தம் தலைக்குள்ளே கேட்டது. ரொம்ப தூரத்தில் யாரோ சருகின் மேல் நடக்கிற மாதிரி.

அரை டஜன் வெட்டி வைத்தேன். நாளைக்கு ஒன்று. துவைத்துக் கொடியில் போடுவேன். செட்டின் ஓரம் குத்திய இடத்தைக் கத்தரி தீட்டும் கல்லில் தேய்த்துவிட்டேன்.

ஒரு நாள் மனைவி கொடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னா இது, எந்த ரவிக்கைக்கு?"

"எனக்கு."

"கப்பு வெச்சித் தெச்சிக்கற அளவுக்கு உனக்கு இன்னாய்யா கீது?"

நான் வாயைத் திறந்து காட்டினேன். என்னைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள்.

"ஊரு உலகத்துல எவனும் வாயிக்கு ரவிக்க தெக்கல," என்றாள். துணியைத் திரும்பக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள்.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் செட்டைக் கழுவக் கழற்றியபோது நாக்குக்கு ஒன்று தட்டுப்பட்டது. மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு மடிப்பு. பாவாடையில் பிளீட் எடுத்த மாதிரி. வலி இல்லை. கொஞ்ச நாளில் அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டு மடிப்புக்கும் நடுவே செட்டின் ஓரம் போய்ப் பாந்தமாக உட்கார்ந்தது. துணியாக இருந்தால் நல்ல வேலை என்று சொல்லியிருப்பேன்.

ஐம்பது வயதுவரை வெற்றிலையோடு புகையிலை போட்டவன் நான். சந்தனக் கலர்ப் பட்டு ரவிக்கை ஒன்றில், கல்யாண ரவிக்கை, ஒரு துளி தெறித்தது. அன்றோடு விட்டேன். ஆனாலும் போட்டது போட்டதுதான். எங்கள் தெருவில் ஒருவர் வாய்ப்புண் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். வரும்போது தாடையில் பாதி இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அவரே இல்லை. நானும் மறக்கவில்லை. மனைவியும் மறக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஒரு நாள் காலையில் அவள் புடவை மாற்றிக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"கெளம்பு."

அப்படித்தான் மயிலாப்பூரில் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

டாக்டரம்மா கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் மடிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணம் பூரா செவந்து கிடக்கு. ஈரத்துணில காளான் பிடிச்சிருக்கு. தூங்கும்போது செட்டைக் கழட்டுவீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒன்பது வருஷமாவா?"

"பல்லோடயே போய்ச் சேரணும்னு கீறாரு," என்றாள் மனைவி.

"பல்லு போன எடத்துல எலும்பு வருஷா வருஷம் கரையும்மா. செட்டு கரையாது. அதான் லூஸ் ஆகுது. லூஸான செட்டு ஒரே எடத்துல உரசினா சதை இப்படி மடிஞ்சி வளரும். இவருக்கு அப்படித்தான் தோணுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "லூஸானதும் வந்திருக்கலாமேய்யா?"

"லூஸானா லைனிங் குடுக்கறதுதானேம்மா."

"நாங்களும் லைனிங்தான் குடுப்போம். துணில குடுக்க மாட்டோம்."

மனைவிக்கு இதெல்லாம் வேண்டாம். அவளுக்கு ஒன்றுதான் வேண்டும்.

"அது கெட்ட சதையா டாக்டரம்மா?"

"பாத்து சொல்ல முடியாதும்மா. ரெண்டு வாரம் செட்டே போட வேணாம். மருந்து தரேன், வீக்கம் வத்தட்டும். மிச்சத்த வெட்டி டெஸ்டுக்கு அனுப்பிடலாம். புகையிலை போட்டவருன்னு சொல்றீங்க. பாத்துடறது நல்லது."

செட்டை ஒரு டப்பாவில் போட்டு மனைவியிடம் கொடுத்தார்கள். அவள் பையில் வைத்தாள். வழியெல்லாம் அது டப்பாவுக்குள் லொடலொட என்று பேசிக்கொண்டே வந்தது.

அந்த இரண்டு வாரமும் பாதித் தூக்கம் மாதிரிப் போயிற்று. உதடு உள்ளே போய்விட்டது. கண்ணாடியில் வேறு ஆள் தெரிந்தான். பார்த்த முகம்தான், ஆனால் எங்கே பார்த்தேன் என்று தெரியவில்லை. குண்டூசி வாயில் நிற்கவில்லை. சட்டை நெஞ்சில் வரிசையாகக் குத்திக்கொண்டேன். முதல் தடவையாக வேலை நேரத்தில் வாய் சும்மா இருந்தது. பேசலாம். பேசினால் காற்று வந்தது.

ஒரு பெண் சுடிதார் கொண்டு வந்தாள். நாளைக்கு வாம்மா என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

"நைனா விசில்ல பேசுது, நான் சொல்றேன் கேளு," என்றான் பக்கத்து மிஷின்காரன். "நாளைக்கு வரச் சொல்லுது. கொயந்த மாரி கீது பாரு மொகம். இன்னா நைனா, பால்பல்லு எப்ப மொளைக்கும்?"

நான் தலையாட்டினேன். அவன் சிரித்தான். பிறகு மிஷினை நிறுத்திவிட்டுச் சின்னக் குரலில் கேட்டான்.

"அது அது இல்லியே நைனா?"

"வெட்டிப் பாத்தாதான் தெரியும்."

கொஞ்ச நேரம் நூல் கோர்த்தான். கோர்த்த நூலையே மறுபடி உருவிக் கோர்த்தான்.

மதியங்களில் பனகல் பார்க் பக்கம் மெட்ரோ தோண்டுகிற சத்தம் தரை வழியாக வரும். மிஷின் மேஜையில் பாபின்கள் மெல்ல நகரும். கண்ணை மூடினால் ஊருக்கு அடியில் யாரோ பெரிய ஊசியால் தைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் குத்தினால் எந்தப் பக்கம் வெளியே வரும் என்று தெரியவில்லை. நாக்கு அது பாட்டுக்குப் போய் மடிப்பைத் தொட்டுவிட்டு வரும். மெலிந்திருந்தது. ஆனால் போகவில்லை.

வெட்டுகிற நாள். காலை பத்து மணிக்கு வெளி அறையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு மாமி, என் வயது இருக்கும். கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். மனைவியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"காப்பி சுட்டுடுத்து. பல்செட்டு போட்டுண்டா அண்ணத்துல சூடே தெரியமாட்டேங்கறது. தொண்டைக்குப் போனப்பறம்தான் தெரியறது. அதுக்குள்ள செட்டு ஓரமெல்லாம் கொப்புளம். ஆத்துல எல்லாரும் நான் அவசரப்பட்டேன்னு சொல்லிண்டு இருக்கா."

"ஆத்திக் குடிக்கணும் மாமி," என்றாள் மனைவி.

"ஆத்தின காப்பியைக் குடிக்கறதுக்குக் குடிக்காமலே இருக்கலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன?"

"சதை வளந்துடுச்சி."

"வெட்டுவாளா?"

"வெட்டுவாங்க."

"நீங்க என்ன பண்றேள்?"

"டெய்லர்."

"அப்போ என்ன, வெட்டித் தைக்கறதுதானே," என்றார் மாமி. கைக்குட்டைக்குள் சிரித்து, வலித்து, நிறுத்திக்கொண்டார்.

உள்ளே விளக்கு முகத்துக்கு மேலே வந்தது. ஊசி போட்டார்கள். கொஞ்சம் வலிக்கும் என்றார் டாக்டரம்மா. ஊசி எனக்குப் பழக்கம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் உதடு என்னை விட்டுப் போய்விட்டது. மூக்கும் கொஞ்சம் போயிற்று. இருந்த இடத்தில் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது.

வெட்டுவது தெரியவில்லை. இழுப்பது தெரிந்தது. பிறகு தைத்தார்கள். நாங்கள் ஓட்டித் தைப்போம். அவர்கள் ஒவ்வொரு தையலுக்கும் முடிச்சுப் போட்டு, நறுக்கென்று நூலை வெட்டி, அடுத்ததற்குப் போகிறார்கள். அந்த நறுக்கை எண்ணினேன். ஒன்று. இரண்டு. முந்தின ராத்திரி தூக்கம் இல்லை. மூன்று. விளக்கு இமைக்குள் ஆரஞ்சாகத் தெரிந்தது. நான்கு. ஐந்து. ஆறு.

ஆறுக்குப் பிறகு நான் அங்கே இல்லை. சாந்தோம் கரையில் நின்றேன். கடல் தைக்காத துணியாகக் கிடந்தது. அலை ஓரம் மட்டும் யாரோ பீக்கோ அடித்திருந்தார்கள், வெள்ளை நூலில், புடவை ஓரத்துக்கு அடிக்கிற மாதிரி. முனை எங்கே இருக்கிறது என்று தேடி ஈர மணலில் நடந்தேன். முனை கிடைத்தால் மடித்துப் பிடிக்கலாம். வாயில் ஊசி இருந்தது. நல்ல பல்லும் இருந்தது. நூல் கிடைக்கவில்லை.

"முடிஞ்சிது. எழுந்திருங்கய்யா."

சின்ன பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஒரு மருந்து. அதில் இரண்டு துண்டு. தைத்து முடித்த பிறகு வெட்டிப் போடுகிற பிசிறு அளவுதான். இதற்காகவா என்று தோன்றியது. பாட்டிலில் என் பெயரை ஒட்டினார்கள்.

நர்சம்மா ஒரு அட்டை கொடுத்தார். அடுத்த வாரம் வர வேண்டிய நாள். தையல் ஆறு என்று எழுதியிருந்தது. நான் எண்ணியதும் ஆறு. சரி.

"எச்சில் துப்ப வேணாம். சூடா எதுவும் வேணாம். நாக்கால தொடாதீங்க. வரும்போது ரிப்போர்ட்டும் வந்துடும்."

வெளியே வந்து கோயில் குளத்தோரமாக நடந்தோம். வெயில் தண்ணீரில் விழுந்து சுவரில் ஆடியது. உதடு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் தெருவில் பிடித்ததில்லை.

ஆறிய கேழ்வரகுக் கஞ்சி. மோர். இளநீர். மூன்றாம் நாள் வீக்கம் இறங்கியது. தொடாதே என்றால் நாக்குக்குத் தெரியுமா? போயிற்று. இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தது. ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு நுனி, பூனை மீசை மாதிரிக் குத்தும். ஒன்று, இரண்டு என்று வந்தேன். ஆறு. அதோடு நிற்கவில்லை. வலப்பக்கம் உள்ளே, கன்னம் ஆரம்பிக்கிற மூலையில், இன்னொன்று இருந்தது.

அதில் மீசை இல்லை. மொழுமொழு என்று சின்ன உருண்டை. கடுகு அளவு.

மறுபடி எண்ணினேன். ஏழு.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஆறு. காதால் எண்ணியதும் ஆறு. அப்படியென்றால் ஏழாவது தையல் இல்லை. தையல் இல்லையென்றால் சதை. வெட்டி மூன்று நாளில் புதிதாக வருகிறது என்றால், அது எந்தச் சதை?

யாரிடமும் சொல்லவில்லை. மனைவி கஞ்சி கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பாள்.

"இன்னா யோசன?"

"ஒண்ணுமில்ல."

"வாயில ஊசி இல்லாதப்பவும் அதே பேச்சுதான்."

நாலாம் நாள் எண்ணினேன். ஏழு. ஐந்தாம் நாள், கடைக்குப் போய் உட்கார்ந்து, ஒரு பாவாடை ஓரம் முழுவதும் அடித்து முடித்துப் பார்த்தால் நூலே கோர்க்காமல் அடித்திருக்கிறேன். துணியில் ஓட்டை வரிசை மட்டும் இருந்தது. பக்கத்து மிஷின்காரன் பார்த்துவிட்டான். பாவாடையை வாங்கி அவனே அடித்துக் கொடுத்தான்.

ஆறாம் நாள் சாயங்காலம் சாந்தோம் கரைக்குப் போய் நின்றேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. கடல் அங்கே அப்படியேதான் இருந்தது. வலை காயவைத்திருந்தார்கள். வலையைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர் ஒருவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். எல்லாம் சொந்தப் பல். சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவர் பல்.

ஏழாம் நாளும் ஏழு.

எட்டாம் நாள் அதே அறை. அதே ஆட்கள். பல்செட்டு மட்டும் இந்தத் தடவை மனைவி பையில் இருந்தது. மேஜைமேல் ஒரு கவர். டாக்டரம்மா நின்றபடியே பிரித்தார். மனைவி பையை இறுக்கினாள். உள்ளே செட்டு லொடக்கென்றது.

"நல்ல சேதிதான். கெட்டது ஒண்ணும் இல்ல. உரசி வளந்த சதை, அவ்ளோதான்னு எழுதியிருக்காங்க."

மனைவி பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். அன்றைக்குத்தான் அதைக் கீழே வைத்தாள்.

எனக்கு மட்டும் பாரம் இறங்கவில்லை. அந்த ரிப்போர்ட் பாட்டிலில் போன துண்டுகளுக்கு. மூலையில் இருப்பது பாட்டிலில் போகவில்லை.

"தையலைப் பிரிச்சிடலாம்."

விளக்கு வந்தது. சின்னக் கத்தரி. நறுக். இடுக்கியால் இழுத்துத் தட்டிலிருந்த வெள்ளைத் துணியில் வைத்தார். கறுப்பு நூல். ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"பட்டு நூலா?"

"பட்டுதான். கண்டுபிடிச்சிட்டீங்களே. ஆடாதீங்க."

நறுக். நறுக். ஒவ்வொன்றாக வைத்தார். ஆறாவதை வைத்துவிட்டுக் கத்தரியைக் கீழே போட்டார்.

"ஆறு. அவ்ளோதான்யா. செட்டுக்கு அளவெடுக்க அடுத்த மாசம் வாங்க. நல்ல லைனிங்கா போட்டுத் தரேன்."

நர்சம்மா அட்டையைப் பார்த்து டிக் அடித்தார். விளக்கை நகர்த்தப் போனார். நான் வாயை மூடவில்லை. விரலை வலப்பக்க மூலையில் வைத்துக் காட்டினேன்.

"இங்க ஒண்ணு கீதும்மா."

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார். விளக்கைத் திரும்ப இழுத்தார். கன்னத்தை ஒதுக்கிக் கண்ணாடியை உள்ளே விட்டார். மனைவி எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது. டாக்டரம்மா விரல் அந்த உருண்டையின் மேல் வந்து நின்றது. அழுத்தியது. இங்கேயும் ரோட்டுக்கு அடியில் மெட்ரோ மிஷின் தைத்துக்கொண்டு போயிற்று. தட்டில் கத்தரிகள் மெல்லக் கிணுகிணுத்தன.

"சிஸ்டர், அன்னைக்கு நீங்க அட்டை எழுதி முடிச்சப்பறம் இந்த மூலைல கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிதில்ல?" என்றார் டாக்டரம்மா.

"ஆமா மேடம்."

"ஒண்ணு போட்டேன். நுனிய ஒட்ட வெட்டிட்டேன். சதை மேல மூடிக்கிச்சி."

நறுக் என்று ஒரு சத்தம். சுருக்கென்று ஒரு இழுப்பு.

நான் எழுந்து உட்கார்ந்து தட்டைப் பக்கத்தில் இழுத்தேன். வெள்ளைத் துணியில் கறுப்புப் பட்டு முடிச்சுகள். நகத்தால் தள்ளி ஒரே வரிசையாக வைத்தேன். மனைவி என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

ஏழு.